மூன்றாவது காது

1986 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்த கையோடு, சகாயநாதன் தன் மனைவி செல்வமேரியை மொபெட்டின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மன்னார்புரத்திலிருந்து உறையூருக்குப் புறப்பட்டார். தான் செய்த ஒரு பொருளை நாலு பேர் நின்று பார்ப்பதற்காக வைத்திருக்கும் இடத்துக்குப் போவது அவருக்கு அதுதான் முதல் தடவை. பாய்லர் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாக வெல்டர். அவர் பற்றவைத்த குழாய்கள் ரயிலேறி எங்கெங்கோ போயின. ராமகுண்டத்துக்குப் போனது, தூத்துக்குடிக்குப் போனது என்று சொல்வார்கள். போனதை அவர் மறுபடி பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

இது வேறு. இதற்கு அவர் நாற்பத்தோரு சாயங்காலம் கொடுத்திருந்தார்.

உறையூரில் அந்த இடத்துக்குச் சுருட்டு குடோன் என்றுதான் பெயர். ரெங்கராஜின் தாத்தா கட்டியது. இரண்டடி கனத்தில் சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்தரங்கள், மேலே ஓடு. அங்கே சுற்றிய சுருட்டு ஒரு காலத்தில் கப்பலேறிச் சீமைக்குப் போனது. வியாபாரம் படுத்த பிறகு பல வருஷம் பூட்டிக் கிடந்தது. எழுபத்தேழு வெள்ளத்தில் ஐந்தடித் தண்ணீர் உள்ளே நின்றது. இப்போது ரெங்கராஜ் அதற்கு ஒரு டிரஸ்ட் வைத்து, பழுது பார்த்து, விளக்குகள் போட்டு, நவீனக் கலை மையம் என்று ஆக்கியிருந்தார். சுவருக்கு வெள்ளையடித்தபோது, தண்ணீர் நின்ற கறையை மட்டும் தொடாமல் விட்டுவிட்டார்கள். அந்தக் கறையைப் பார்த்துத்தான் பாஸ்கரனுக்கு 'வெள்ளம்' செய்யத் தோன்றியது.

பாஸ்கரன் சிற்பி. சென்னையில் படித்துவிட்டு வந்து, ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடம் பக்கம் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து இரும்பில் வேலை செய்துகொண்டிருந்தார். பிழைப்புக்கு, செல்வமேரி வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் டிராயிங் வகுப்பு எடுத்தார். "உங்க வீட்டுக்காரர் வெல்டராமே டீச்சர், கொஞ்சம் ஒத்தாசை பண்ணுவாரா?" என்று அவர் கேட்க, செல்வமேரிதான் இருவரையும் சேர்த்துவைத்தாள்.

வெள்ளத்தில் வீணாகிப்போன வீடுகளின் ஜன்னல் கம்பி, சைக்கிள் சக்கரம், கட்டில் சட்டம், தையல் மெஷினின் வார்ப்பிரும்புக் கால், எல்லாவற்றையும் பாஸ்கரன் பழைய இரும்புக் கடைகளிலிருந்து பொறுக்கி வந்திருந்தார். தரையில் சாக்பீஸால் வரைவார். வரைந்தபடி இரும்பு நிற்காது. வார்ப்பிரும்பு சாதாரண வெல்டிங் குச்சிக்குப் பிடிக்காது. கரி அடுப்பில் சூடேற்றி, வேறு குச்சி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தைக்க வேண்டும். அதைச் சொன்னது சகாயநாதன். முதுகெலும்பு மாதிரி ஒரு குழாயை உள்ளே வளைத்து ஓடவிட்டால் மொத்தமும் ஒரே அலையாக நிற்கும் என்று கண்டுபிடித்ததும் அவர்தான். கூலி என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. "சகாயண்ணே", "தம்பி" என்று பழகினார்கள். ஒரே பொட்டலத்துப் பரோட்டாவைப் பிய்த்துத் தின்றார்கள். "இதுல உங்க பேரும் இருக்கும்ணே" என்று பாஸ்கரன் ஒருநாள் சொன்னார். அதைச் சகாயநாதன் வீட்டில் சொன்னார். செல்வமேரி பள்ளிக்கூடத்தில் சொன்னாள்.

திறப்பு விழாவுக்கு அழைப்பு வரவில்லை. "வேலை நாளாச்சே, உங்களுக்கு ஷிஃப்ட் இருக்கும்னு விட்டுருப்பாரு" என்று செல்வமேரியே சமாதானம் சொல்லியிருந்தாள்.

குடோன் வாசலில் டோரதி டீச்சர் காத்திருந்தார். செல்வமேரியோடு வேலை பார்ப்பவர். வருகிற வியாழக்கிழமை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டி வருவது அவர் பொறுப்பு. முன்கூட்டியே ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ள வந்திருந்தார். வாட்ச்மேன் பிச்சமுத்து ஆளுக்கு இரண்டு ரூபாய் டிக்கெட் கிழித்தார்.

"சார் செஞ்சதை சார் பாக்கறதுக்கே டிக்கெட்டா?" என்று டோரதி சிரித்தார்.

"எனக்கு அப்படி ஒண்ணும் சொல்லலீங்க. வர்றவங்க எல்லாருக்கும் டிக்கெட்டுதான்" என்றார் பிச்சமுத்து.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. எத்தனை வெள்ளையடித்தும் புகையிலை வாசனை போகவில்லை. சுவரோரமாக ஓவியங்கள். அவற்றுக்கு நடுவே, பத்தடி உயரத்தில், மூன்று சங்கிலிகளில் 'வெள்ளம்' தொங்கியது. கொட்டகையில் தரையில் கிடந்தபோது அது இரும்புக் குவியல் மாதிரிதான் இருந்தது. இங்கே ஒரு பக்கம் சாய்ந்து, தலைக்கு மேல் பாய்ந்து வருகிற தண்ணீராக இருந்தது. கட்டிலும் சக்கரமும் தையல் மெஷினும் அதில் அடித்துக்கொண்டு வந்தன. இவ்வளவு நன்றாக இருக்கும் என்று சகாயநாதன் நினைக்கவில்லை.

டோரதி அட்டையைப் படித்தார். "வெள்ளம். இரும்பு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு. பாஸ்கரன்."

அவ்வளவுதான். டோரதி அட்டையைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பிறகு பக்கத்து ஓவியத்துக்கு நகர்ந்துவிட்டார்.

செல்வமேரி விடவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் நன்றி என்று தலைப்புப் போட்டு ஒரு பெரிய பலகை இருந்தது. அதை மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படித்தாள். பணம் கொடுத்த வங்கி, ஓடு மாற்றிய கொத்தனார், விளக்குப் போட்ட எலக்ட்ரீஷியன், திறப்பு விழாவுக்கு டீ கொடுத்த கடை, எல்லார் பேரும் இருந்தது.

"டீ கொடுத்தவன் பேரு இருக்குங்க" என்று அவள் திரும்பி வந்து மெல்லச் சொன்னாள்.

அந்த நேரத்தில் பாஸ்கரன் சென்னையிலிருந்து வந்த இரண்டு விருந்தாளிகளோடு உள்ளே வந்தார். சகாயநாதனைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினார். பிறகு, "வாங்க மிஸ்டர் சகாயநாதன்" என்றார்.

நாற்பத்தோரு நாள் அண்ணே என்று கூப்பிட்ட வாய்.

"நல்லா வந்திருக்கு" என்றார் சகாயநாதன். "எல்லாருக்கும் நன்றி போட்டிருக்கீங்க."

பாஸ்கரனுக்குப் புரிந்துவிட்டது. விருந்தாளிகளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே குரலைத் தணித்தார். "பலகை டிரஸ்ட் எழுதினது. அது என் கையில இல்லை. அட்டைங்கறது ஆர்ட்டிஸ்ட் பேருக்குத்தான். புஸ்தகம் போட்டா, அச்சுக் கோத்தவர் பேரையா அட்டையில போடுறாங்க?"

"கடைசிப் பக்கத்துலயாவது போடுவாங்களே சார்" என்றாள் செல்வமேரி.

"இதை இப்ப, இங்க வச்சுப் பேசணுமா டீச்சர்?"

விருந்தாளிகளில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டோரதி தூரத்தில் ஒரு ஓவியத்தின் முன் தேவைக்கு அதிகமாக நின்றுகொண்டிருந்தார். யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் சகாயநாதன் மேலே பார்த்தார்.

தூக்கிக் கட்டுவதற்காக அவர் நாலு மூலைக்கு நாலு காது வைத்திருந்தார். முக்கால் அங்குலத் தகட்டில் துளை போட்டு, முதுகெலும்புக் குழாயோடு சேர்த்துப் பற்றவைத்த காதுகள். இப்போது பின்பக்கம் இரண்டுதான் இருந்தன. முன்பக்கத்து இரண்டையும் வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் புதிதாக ஒரே ஒரு காது வைத்திருந்தார்கள். அலை சாய்ந்து நிற்பது அதனால்தான். சாய்ந்ததால் பாரத்தில் பாதிக்கு மேல் அந்த ஒற்றைக் காதில் இறங்கியிருந்தது. அது கிரில் பட்டறையில் போடுகிற வெல்டு. மேலே மெழுகு உருகி வழிந்ததுபோல் பளபளப்பாக உட்கார்ந்திருந்தது, உள்ளே இறங்கவில்லை. ஓரத்தில் மயிரிழையாக ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது.

அதைக் கண்டதும் அவருக்குள் முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம்தான். அதைப் பின்னால் அவர் பல தடவை நினைத்துப் பார்த்தார்.

"அந்த மூணாவது காதை யார் போட்டது?" என்று அவர் கேட்டது கூடம் முழுவதும் கேட்டது.

"ஏன்?"

"அது பிடிக்கலை. விரிசல் விட்டிருக்கு. இதுக்குக் கீழ ஆள் நிக்கக் கூடாது. இன்னைக்கே இறக்குங்க."

பாஸ்கரன் விருந்தாளிகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "இப்பத்தான் நல்லா வந்திருக்குன்னீங்க."

"இப்பத்தான் காதைப் பார்த்தேன்."

"பேரு இல்லைன்னு தெரிஞ்சதும்."

ஆபீஸ் அறையிலிருந்து ரெங்கராஜ் வந்துவிட்டார். ஐம்பது வயது, கஞ்சி மடிப்புக் கலையாத கதர்ச் சட்டை. பாஸ்கரன் இரண்டு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னார். ரெங்கராஜ் சகாயநாதனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்ப்பா, உன் பேரை எழுதலேன்னா கூரை இடிஞ்சு விழுந்துடுமா?"

"கூரையைச் சொல்லலீங்க. காதைச் சொல்றேன்."

"மூணு வாரமா தொங்குது. எத்தனை பெரிய மனுஷங்க கீழ நின்னுட்டுப் போனாங்க தெரியுமா? பத்திரிகைக்காரங்க வர்ற இடத்துல நின்னு பயமுறுத்துற வேலையெல்லாம் வேணாம். பிச்சமுத்து, இவரைக் கொஞ்சம் வெளியில கூட்டிட்டுப் போ."

பிச்சமுத்து வந்து சகாயநாதனின் முழங்கையைப் பிடித்தார். பிடி ஒன்றும் பலமாக இல்லை. ஆனால் பதினெட்டு வருஷத்தில் யாரும் அவரை ஒரு இடத்திலிருந்து கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டதில்லை. செல்வமேரி தலை குனிந்து பின்னால் வந்தாள். டோரதி வரவில்லை.

வீட்டுக்கு வந்து புடவை மாற்றி, சோறு வைத்து, எதிரில் உட்கார்ந்த பிறகுதான் செல்வமேரி கேட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. பேரு இருந்திருந்தா நீங்க மேல பார்த்திருப்பீங்களா?"

சகாயநாதன் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். "தெரியலை."

"விரிசல் நெசமா?"

"நெசம். ஆனா பார்த்ததும் எனக்கு சந்தோஷமா இருந்துச்சு மேரி. மாட்டினாண்டான்னு. அதுவும் நெசம்."

அவள் ரசத்தை ஊற்றினாள். "அப்ப யாரு நம்புவா உங்களை?"

திங்கட்கிழமை செல்வமேரி டோரதியிடம் தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தாள். வியாழக்கிழமை வேண்டாம், வேறு எங்காவது கூட்டிப் போகலாமே, முக்கொம்பு அணைக்குப் போனால் பிள்ளைகளும் சந்தோஷப்படுவார்கள் என்றாள். டோரதி நோட்டுத் திருத்துவதை நிறுத்தவில்லை.

"உங்க வீட்டுக்காரர் கோவம் எனக்குப் புரியுது டீச்சர். நானா இருந்தாலும் கோவம் வரும். அதுக்காக அம்பத்தெட்டுப் பிள்ளைங்க டூரை நிறுத்தச் சொல்றது நல்லா இல்லை. பாஸ்கரன் சாரே வந்து விளக்கிச் சொல்றேன்னிருக்காரு. எல்லாரையும் அதுக்குக் கீழ உக்கார வச்சு."

அன்று சாயங்காலம் செல்வமேரி இதைச் சொன்னதும் சகாயநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார். பிறகு மறுபடி உட்கார்ந்துவிட்டார். எப்படிப் போய் நிற்பது? கையைப் பிடித்து வெளியேற்றிய இடம். செவ்வாய்க்கிழமை முதல் ஷிஃப்ட் முடித்து மூன்று மணிக்கு வெளியே வந்தபோது, மொபெட்டை வீட்டுப் பக்கம் திருப்பாமல் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு விட்டார்.

கொட்டகைக் கதவு பாதி திறந்திருந்தது. பாஸ்கரன் ஏதோ தகட்டை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். சகாயநாதனைப் பார்த்தும் ராவுவதை நிறுத்தவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

"அன்னைக்கு மெட்ராஸ்லேருந்து வந்தவங்க யாருன்னு தெரியுமா?" என்றார். "டெல்லி கண்காட்சிக்குத் தேர்ந்தெடுக்கறவங்க. அவங்க முன்னாடி என் வேலையை விழப்போகுதுன்னு சொன்னீங்க."

"எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டீங்களா?"

"தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருப்பேன்."

பாஸ்கரன் அரத்தைக் கீழே போட்டார். "சரி. அட்டையில உங்க பேரைப் போட்டுடறேன். நாளைக்கே புது அட்டை எழுதறேன். என் பேருக்குப் பக்கத்துலயே. போதுமா? இத்தோட விட்டுடுவீங்களா?"

பேர் வேண்டும் என்று சகாயநாதனுக்குள் இருந்த ஆசை இன்னும் போகவில்லை. செல்வமேரி விரல் வைத்துப் பலகையைப் படித்தது கண்ணுக்குள் இருந்தது. சரி என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. ஆனால் சொல்லிவிட்டால் அந்த விரிசல் பொய்யாகிவிடும், பேருக்காகச் சொன்னதாகிவிடும்.

"பேரு வேணாம். ஏணி மட்டும் போட்டுக் குடுங்க" என்றார்.

"ஏணியா?"

"நாளைக்குக் காலையில. ஒரு மணி நேரம் போதும். மண்ணெண்ணெய் தடவி, சாக்பீஸ் பொடி போட்டுக் காட்டறேன். விரிசல் இருந்தா எண்ணெய் உள்ள போய், அப்புறம் பொடியில கோடா வெளிய வரும். நீங்களே பாருங்க."

"வரலேன்னா?"

"வரலேன்னா ரெங்கராஜ் சார் முன்னாடி மன்னிப்புக் கேக்கறேன். ஸ்கூலுக்கும் வந்து டோரதி டீச்சர்கிட்ட சொல்லிட்டுப் போறேன், பொறாமையிலதான் சொன்னேன்னு."

"அதை எழுதிக் குடுப்பீங்களா?"

சகாயநாதன் அங்கேயே, பாஸ்கரனின் வரைபடத் தாள் ஒன்றின் ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாஸ்கரன் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது வருகிறேன் என்று இவர் சொல்லவில்லை. வாங்க என்று அவரும் சொல்லவில்லை.

புதன்கிழமை சகாயநாதன் லீவு போட்டார். லாரி பட்டறை வைத்திருக்கும் ஹனீஃபா அவருடைய பழைய சிநேகிதர். நாலு பேர் தூக்குகிற பாரத்தை ஒரே ஆள் சங்கிலியை இழுத்து ஏற்றி இறக்கும் செயின் பிளாக்கையும் ஒரு கனத்த சுத்தியலையும் எடுத்துக்கொண்டு, பட்டறைப் பையன்களையும் ஏற்றிக்கொண்டு ஹனீஃபா வேனில் வந்தார். ஒன்பது மணிக்கு குடோன் திறந்தது. பாஸ்கரன் முந்தின நாளே சொல்லிவைத்திருந்ததால் ரெங்கராஜும் முன்னாலேயே வந்து ஒரு நாற்காலியைக் கூடத்தின் ஓரத்தில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பத்து மணிக்கு ஆள் வர ஆரம்பிச்சுடும். அதுக்குள்ள உன் வித்தையெல்லாம் முடிச்சுக்க" என்றார்.

சகாயநாதன் ஏணியில் ஏறினார். துணியில் மண்ணெண்ணெய் நனைத்து, மூன்றாவது காதின் அடியைச் சுற்றித் தடவினார். கீழே இறங்கி அரை மணி நேரம் நின்றார். ஹனீஃபா, "எங்க வாப்பா இங்கதான் வண்டி ஓட்டினாரு, சுருட்டுப் பெட்டி ஏத்தி" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, யாரும் காதில் வாங்காததால் நிறுத்திக்கொண்டார்.

மறுபடி ஏறி, உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தார். செல்வமேரி காகிதத்தில் மடித்துக் கொடுத்த சாக்பீஸ் பொடியைப் பூசினார். வெள்ளை வெளேரென்று இருந்தது. பாஸ்கரன் ஏணியில் அவருக்கு இரண்டு படி கீழே நின்று கழுத்தை நீட்டினார். ஒரு நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை. ரெங்கராஜ் நாற்காலியில் கால் மேல் கால் போட்டார்.

பிறகு வெள்ளையில் மங்கலாக ஒரு ஈரம் கசிந்தது. அது நீண்டது. காதின் ஒரு பக்கத்தில் தொடங்கி, மூலையில் திரும்பி, அடுத்த பக்கத்திலும் பாதி தூரம் போயிற்று.

"பாருங்க" என்றார் சகாயநாதன்.

பாஸ்கரன் ஏணியிலிருந்து இறங்கினார். ரெங்கராஜ்தான் பேசினார். "எண்ணெயைத் தடவினா கறை ஊறத்தான் செய்யும். சரியாத் துடைக்கலை. இதெல்லாம் ஒரு சோதனையா?"

ஹனீஃபாவும் சகாயநாதனும் சேர்ந்து செயின் பிளாக்கை உத்தரத்தில் கட்டி, கொக்கியை முதுகெலும்புக் குழாயில் மாட்டி இழுத்தார்கள். பாரம் அதற்கு மாறியது. மூன்றாவது காதின் சங்கிலி தொய்ந்தது. சகாயநாதன் சுத்தியலை வாங்கி, ஏணியில் காலை ஊன்றிக்கொண்டு, காதை அடித்தார். முதல் அடிக்குச் செத்த சத்தம் கேட்டது. இரண்டாவது அடிக்குக் காது பெயர்ந்து தரையில் விழுந்து உருண்டது.

"சுத்தியால அடிச்சா எதுதான் உடையாது?" என்றார் ரெங்கராஜ்.

சகாயநாதன் ஏணியைப் பின்பக்கத்துக்கு நகர்த்தினார். தான் வைத்த காது ஒன்றை அதே சுத்தியலால் அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, ஏழு. ஒவ்வொன்றுக்கும் மணி அடித்ததுபோல் குடோன் முழுவதும் முழங்கியது. காது அசையவில்லை.

"உன் வேலையை நீயே மெச்சிக்க" என்று சொல்லிவிட்டு ரெங்கராஜ் எழுந்து ஆபீஸ் அறைக்குப் போய்விட்டார்.

பாஸ்கரன் குனிந்து உடைந்த காதை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உடைந்த முகத்தில் முக்கால் பங்கு பழைய துருவாகப் பழுப்பேறியிருந்தது. மீதிக் கால் பங்குதான் புது உடைசலாகப் பளபளத்தது. அந்தக் கால் பங்கில்தான் மூன்று வாரம் தொங்கியிருக்கிறது. இரும்பில் வேலை செய்கிறவருக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார். சகாயநாதன் வாங்கிக் கிழித்துப் போட்டார்.

'வெள்ளத்தை'த் தரையில் இறக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. இறக்கியதும் அது மறுபடி இரும்புக் குவியல் ஆகிவிட்டது. பாஸ்கரன் அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"செத்துப்போச்சு" என்றார். பிறகு, "நீங்களே வந்து போட்டுக் குடுத்துடுங்க. எப்படிப் போடணும்னு சொல்றீங்களோ அப்படி. நாலு காதுன்னாலும் சரி."

"நான் போட மாட்டேன்."

"ஏன்?"

"போட மாட்டேன். வேற ஆளைப் பாருங்க."

பாஸ்கரனின் குரல் உயர்ந்தது. "அப்ப இதைத்தானே வேணும்னு நெனைச்சீங்க? இது கீழ கிடக்கணும்னு?"

சகாயநாதன் சுத்தியலை ஹனீஃபாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். "ஆமா, நெனைச்சேன். ஞாயித்துக்கிழமை அந்தக் கோட்டைப் பார்த்தப்ப எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த விரிசலை நான் வச்சேனா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சாய்ச்சும் குடுத்திருப்பேன், விழாமலும் குடுத்திருப்பேன். நீங்க கேக்கலை. கிரில் போடறவன்கிட்ட போனீங்க."

"நீங்க முடியாதுன்னு சொல்லுவீங்கன்னு நெனைச்சேன்."

"நாப்பத்தோரு நாள்ல ஒரு தடவை முடியாதுன்னு சொல்லியிருக்கேனா?"

சகாயநாதன் வாசலுக்கு நடந்தார். வாசலில் பத்து மணிக்கு வந்தவர்கள் டிக்கெட்டுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். பிச்சமுத்து வழி விட்டார். இந்தத் தடவை முழங்கையைத் தொடவில்லை.

வியாழக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். 'வெள்ளத்தை'ச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. பாஸ்கரனுக்கு உடம்பு சரியில்லை என்று யாரோ ஒரு கல்லூரி மாணவர் விளக்கம் சொன்னார். டோரதி அன்று சாயங்காலம் செல்வமேரியிடம், "சார்கிட்ட சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிட்டு, என்ன சொல்வது என்று தெரியாமல், "நல்லபடியாப் போயிட்டு வந்தோம்னு சொல்லுங்க" என்று முடித்தார். செல்வமேரி அதை அப்படியே வீட்டில் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் கலை மையத்தைப் பற்றி அரைப் பக்கம் வந்தது. சிற்பத்தை ஏன் தரைக்குக் கொண்டுவந்தீர்கள் என்ற கேள்விக்கு, வெள்ளம் வடிந்த பிறகு மிஞ்சுவது தரையில்தானே கிடக்கும், மக்கள் அதன் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்று விரும்பினேன் என்று பாஸ்கரன் பதில் சொல்லியிருந்தார். செல்வமேரி படித்துவிட்டுக் கொதித்துப் போனாள். ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினாள், நாலு பக்கம். சகாயநாதன் தடுக்கவில்லை. தபாலில் போட்டதும் அவர்தான். அது அச்சில் வரவில்லை.

ஏப்ரலில் டிரஸ்டிலிருந்து தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் வந்தது. சிற்பம் டெல்லிக்குப் போகிறது, தூக்குவதற்கான இணைப்புகளை முறைப்படி செய்துகொடுக்க அனுபவமுள்ள ஒரு வெல்டரை அனுப்பி உதவ வேண்டும் என்று ரெங்கராஜின் கையெழுத்தோடு. ஃபோர்மேன் அதைச் சகாயநாதனிடமே கொண்டுவந்து கொடுத்தார். "உன்னை விட்டா யாரு? ஒரு நாள் வேலை, ஆன் டியூட்டி."

"விருப்பம் இல்லைங்க" என்றார் சகாயநாதன்.

"டெல்லிக்குப் போகுதாம்ப்பா."

"போகட்டுங்க."

ஃபோர்மேன் முகத்தைச் சுளித்துக்கொண்டு தைரியராஜை அனுப்பினார். தைரியராஜ் நல்ல வெல்டர், அவசரப்படாதவர். மறுநாள் கேன்டீனில் தட்டை எடுத்துக்கொண்டு சகாயநாதனுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"தூக்கி மாட்டிப் பார்த்தோம்ணே. அம்சமா இருக்கு. ஒருநாள் போய்ப் பாருங்க, டெல்லிக்கு ஏத்தறதுக்குள்ள."

"எத்தனை காது வச்ச?"

"நாலு. பின்னாடி ரெண்டு பழசு நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன். முன்னாடி மட்டும் ரெண்டு."

"அந்தாள் இருந்தாரா?"

"சிற்பியா? இருந்தாரு. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் பக்கத்துலயே நின்னாரு. நான் யாருகிட்ட வேலை கத்துக்கிட்டேன்னு கேட்டாரு. டிரெயினிங் சென்டர்லன்னு சொன்னேன். அப்புறம் ஒண்ணும் பேசலை."

சகாயநாதன் சாம்பாரை ஊற்றிக்கொண்டார். போய்ப் பார்ப்பதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்த வாரம் அவருக்கு இரண்டாவது ஷிஃப்ட், காலையில் வேலை இல்லை. சனிக்கிழமை காலையில் குடோனிலிருந்து லாரி கிளம்பியபோது, அவர் மன்னார்புரம் ரேஷன் கடையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.